ரங்கி கேட்ட தண்ணீர்

பதினொரு மொழி தெரிந்த பேராசிரியர் ஒருவர் மலையில் இருந்தார். அருமைநாயகம் என்று பெயர். பட்டணத்துக் கல்லூரியில் இருபத்தாறு வருஷம் மொழி சொல்லிக்கொடுத்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, பாப்டிஸ்ட் சபையின் ஊழியராக மலையேறி வந்தார். அந்த மலைச்சனங்களின் பேச்சுக்கு எழுத்து கிடையாது. அவர்களோடு இருந்து பேச்சைக் கற்று, வேதத்தை அதில் எழுதிக்கொண்டிருந்தார். வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது.

அவருக்குச் சற்குணம் என்று ஒரு சீடர். நாற்பது வயது தாண்டியவர். அவரும் கல்லூரி வாத்தியாராக இருந்தவர்தான். மலைக்கு வந்து நாலு வருஷம். மனைவியும் மகளும் கீழே பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று சபையிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் இதே மலைப்பேச்சுதான். வீடு உண்டு. குடும்பத்தோடு இருக்கலாம். சற்குணத்துக்கு மலைப்பேச்சு தெரியும் என்று அருமைநாயகம் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். சனிக்கிழமை மலைக்கு வரும் ஜீப்பில் அதைக் கொடுத்தனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் சற்குணம் வந்து நின்றார்.

"ஐயா, எழுதிட்டீங்களா?"

"இல்லப்பா."

"நாளைக்கு ஜீப் வருது."

"தெரியும்."

சற்குணம் மேஜைக்குக் கிட்டே வந்தார். பிறகு சொன்னார். "போன தடவை வீட்டுக்குப் போனப்ப, எம் பொண்ணு என்னை அங்கிள்னு கூப்பிட்டா ஐயா."

அருமைநாயகம் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு மொழி நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எப்ப ஐயா தெரியும்? அதையாவது சொல்லுங்க. நான் என்ன படிக்கணுமோ படிச்சுடறேன்."

"என்னைப் போய்க் கேக்கறே. பதினொரு மொழியில கொசுவுக்குப் பேர் தெரியும். ஒண்ணுல சொன்னாவது போகுதா பாரு" என்று காலைத் தட்டிக்கொண்டார் அருமைநாயகம்.

சற்குணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ரங்கி வந்தாள்.

ரங்கி அந்த ஊர்ப் பெண். பதினொரு நாளுக்கு முன்னால் அவளுடைய ஐந்து மாதப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அருமைநாயகம்தான் பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். ரங்கி பின்னாலேயே ஓடினாள். பாதி வழியில் ஓர் ஓடை. அங்கே பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. ரங்கி ஓடையைக் காட்டினாள். உங்க சாமி தண்ணிய இவன் தலையில விடுங்க என்று கேட்டாள்.

அந்தச் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, சபைக்கு முன்னால் நின்று, நான் விசுவாசிக்கிறேன் என்று தன் வாயாலேயே சொன்னவரைத்தான் ஆற்றில் இறக்கி முழுக்குவார்கள். அருமைநாயகம் அதைச் சொன்னார். தண்ணீர் இல்லாவிட்டாலும் பிள்ளை கடவுள் கையில்தான் இருக்கிறான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அடுத்த திருப்பத்திலேயே பிள்ளை போய்விட்டது.

அப்போது ரங்கி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் வருகிறாள். மேல்துணி நெஞ்சில் நனைந்திருந்தது. பால் இன்னும் வற்றவில்லை.

"ஏ கிழவா, எழுந்து வெளிய வா."

அருமைநாயகம் வெளியே போய் அவளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார்.

"காலடியில தண்ணி ஓடுச்சு. ஒரு கை அள்ளி விட உனக்கு என்ன வலிச்சுது? பேசத் தெரிஞ்சவனுக்குத்தான் தண்ணின்னு சொன்னே. எம் புள்ள எப்படிப் பேசுவான்? அம்மான்னு சொல்றதுக்குள்ள போயிட்டானே. உனக்குப் பதினொரு பேச்சு தெரியுமாம். ஊரே சொல்லுது. அவனுக்காக ஒரு பேச்சுல நீ கேட்டிருக்கக் கூடாதா? பாவி."

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். வெளியூர்க்காரரிடம் யாரும் அங்கே குரல் உயர்த்தமாட்டார்கள். ஒரு தடவை சற்குணம் வழி தெரியாமல் அவர்களுடைய ராகி நாற்றை மிதித்துக்கொண்டே வந்துவிட்டார். அதற்குக்கூட, பரவாயில்லீங்க சாமி என்றுதான் சொன்னார்கள்.

சற்குணத்துக்குப் பொறுக்கவில்லை. நடுவில் வந்து நின்று அவளுடைய பேச்சிலேயே சொன்னார்.

"அம்மா, ஐயாவைத் திட்டாதீங்க. பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினது அவர்தானே. குழந்தைக்கு அந்தத் தண்ணி வேண்டியதில்லைம்மா. அது பாவம் அறியாத பிள்ளை. தண்ணி விட்டிருந்தாலும் விடலைன்னாலும் கடவுள் அவனைச் சேர்த்துக்கிட்டார். அதை நீங்க நம்பணும்."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள்.

ரங்கி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

"சரிங்க சாமி. நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போய் அருமைநாயகத்துக்கு எதிரே குந்தினாள். முந்தானை மறுபடி தோளில் விழுந்தது.

"நீ சொல்லு. வாயைத் திற கிழவா."

அருமைநாயகம் திறக்கவில்லை.

ரங்கி இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள். சட்டைப் பித்தான் தெறித்து விழுந்தது. பிடிக்கப்போன சற்குணத்தை அருமைநாயகம் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவள் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். கை ஓய்ந்ததும் தலையை அவர் முழங்காலில் முட்டி வைத்துக்கொண்டு, வெயில் சுள்ளென்று ஏறும்வரை கிடந்தாள். அவர் காலை நகர்த்தவில்லை. அவர் கண்ணும் வழிந்துகொண்டிருந்தது. அதையும் துடைக்கவில்லை.

பிறகு எழுந்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"நாளைக்கும் வருவேன்."

"வா" என்றார் அருமைநாயகம்.

அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அவள் போய்விட்டாள். ஆட்களும் கலைந்தார்கள்.

உள்ளே வந்ததும் சற்குணம் கேட்டார்.

"என் பேச்சுல தப்பு இருந்துச்சா ஐயா?"

"ஒரு தப்பும் இல்லை. அவ்வளவு சுத்தமா எனக்கே வராது."

"சொன்ன விஷயத்துல?"

"அதுலயும் இல்லை. நானும் அதைத்தான் நம்பறேன். ஓடைக்கிட்ட அவகிட்ட அதைத்தான் சொன்னேன்."

"அப்ப இன்னைக்கு ஏன் ஐயா பதில் சொல்லலை?"

"அன்னைக்கு நான் சொன்னேன், அவ கேட்டுக்கிட்டா. இன்னைக்கு அவ சொல்ல வந்தா."

சற்குணம் யோசித்துப் பார்த்தார்.

"நீங்க சொன்னதை அவ ஏத்துக்கலையே ஐயா. நான் சொன்னதுக்குச் சரின்னாளே."

"ஆமா. உன்னைத் திட்டினாளா?"

"இல்லை ஐயா."

"நாலு வருஷத்துல இந்த ஊர்ல யாராவது திட்டியிருக்காங்களா?"

சற்குணம் வெளியே ரங்கி குந்தியிருந்த இடத்தைப் பார்த்தார்.

அருமைநாயகம் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"கடிதத்துல என்ன எழுதட்டும்? நீயே சொல்லு. உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். நீ சொல்றதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். மனசாரத்தான் சொல்றேன்."

சற்குணம் தாளைப் பார்த்தார். ஒரு வரிதான். அதை எழுதினால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் வீடு. மனைவி வந்துவிடுவாள். மகள் வந்துவிடுவாள்.

வெகு நேரம் கழித்துக் கையை நீட்டினார். பேனாவை வாங்கி மூடினார். தாளை எடுத்துப் பழைய தாள்களோடு சேர்த்து வைத்தார்.

"நாளைக்கு அவ வருவாளா ஐயா?"

"வருவா."

"நானும் இருக்கேன். எதுவும் பேசமாட்டேன். எங்க உக்காரட்டும்?"

அருமைநாயகம் பித்தான் போன இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"அவ கை எட்டுற இடத்துல" என்றார்.