பொணத்தத் தொட்ட ஜட்ஜய்யா

கப்பல்ல மூணு மாசம் போனா அமெரிக்கா வரும். அங்க, ரொம்ப முன்னாடி, ஒரு ஊர்ல ஒரு ஜட்ஜ். பேரு எனோக். செருப்பு தைக்கிறவர் மகன். இரவல் புஸ்தகத்தப் படிச்சே வக்கீலாகி, அப்புறம் ஜட்ஜாவும் ஆகிட்டாரு. அப்போ கோர்ட்டுக்குக் கட்டடம் ஏது? இவருதான் குதிரை ஏறி, டக் டக் டக்னு ஊர் ஊராப் போய், சத்திரத்துல உக்காந்து தீர்ப்பு சொல்லணும். ம் சொல்லு, அப்பத்தான் சொல்லுவேன்.

ஒரு பனிக்காலம் முடியிற நேரம், மலையடியில ஒரு கிராமத்துக்குப் போனாரு. அங்க ஒரு பண்ணைக்காரர யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. மண்ணு கல்லா உறைஞ்சு கெடந்துச்சா, குழி வெட்ட முடியல. பொணத்த ரெண்டு மாசமா வைக்கோல் கொட்டாயிலயே போட்டு வச்சிருந்தாங்க. அது விறைச்சு ஐஸாக் கெடந்துச்சு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கொன்னவங்க தொட்டா பொணம் ரத்தம் விடுமாம். அன்னிக்குக் காலையில பொணத்தத் தூக்கியாந்து சத்திரத்து அடுப்புப் பக்கத்துல கிடத்துனாங்க. சந்தேகப்பட்டவங்கள ஒவ்வொருத்தராத் தொடச் சொன்னாங்க. மொதல்ல செத்தவரோட தம்பிக்காரன் தொட்டான். ஒண்ணுமில்ல. அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரன். ஒண்ணுமில்ல. மத்தியானம் ஆயிடுச்சு. அப்புறம் செத்தவர் வீட்டு வேலைக்காரி எப்சிபா. பதினெட்டு வயசு, அநாதை. அவ விரல் பட்டுச்சோ இல்லியோ, மூக்குலேர்ந்து சொட்... சொட்...

"தூக்குல போடுங்க"ன்னு ஜூரி, அதான் ஜட்ஜோட உக்காந்து குத்தவாளியான்னு சொல்ற ஊர்க்காரங்க, பன்னெண்டு பேரும் எந்திரிச்சுட்டாங்க. அவ "நான் இல்லீங்கய்யா, நான் இல்லீங்கய்யா"ன்னு அழுதா. பாவம், யாரு கேக்கறா?

ஜட்ஜுக்குப் புரிஞ்சுபோச்சு. காலையிலேர்ந்து அடுப்பு எரியுது, உறைஞ்ச ரத்தம் இளகிடுச்சு, இப்போ யாரு தொட்டாலும் வழியும். "முட்டாப் பசங்களா, இங்க பாருங்க"ன்னு இறங்கி வந்து, பொணத்து நெத்தியில தானே கைய வச்சாரு. குபுகுபுன்னு வந்துச்சு பாரு ரத்தம். அவரு கையெல்லாம் செவப்பு.

ஜூரியில ஒருத்தர் மெதுவா, "கொலை நடந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கய்யா?"ன்னாரு.

ஜட்ஜு சிரிச்சாரு. கூட யாரும் சிரிக்கல. அப்போ அவருக்கே பயம் வந்துருச்சு. ஆனாலும் விடல. "பன்னெண்டு பேரும் வந்து தொடுங்க. அப்புறம் இவளத் தூக்குல போடலாம்"ன்னாரு. அத்தன பேரும் கையப் பின்னால கட்டிக்கிட்டாங்க. ஒருத்தன் வரணுமே? வேற வழியில்லாம எப்சிபாவ விட்டுட்டாங்க.

ம்... முழிச்சுதான் இருக்கியா?

அப்புறம் அவரு குதிரைகிட்டப் போறப்போ, எப்சிபா வழிக்குன்னு ரொட்டி கட்டிக் கொண்டாந்தா. அவரு கைய நீட்டுனாரு. அவ குடுக்கல. ரொட்டியப் பனியில வச்சுட்டு, அவரு கையவே பாத்துக்கிட்டு, திரும்பாம பின்பக்கமாவே நடந்து போயிட்டா. அவருதான் கொன்னாருன்னு அவளும் நம்பிட்டா, கண்ணு. அதத்தான் என்னால தாங்க முடியல.

கதை அவ்ளோதான். கையக் குடு, நான் பிடிச்சுக்கறேன். தூங்கு.