சவேரி கேட்ட புரொப்பல்லர்

தருவைக்கரையில் ரொசாரியோ முதலாளி சொன்னால் மறுபேச்சு கிடையாது. தன் படகின் புது அவுட்போர்டு மோட்டாருக்குப் புரொப்பல்லரையும் அவரே தேர்ந்தெடுத்தார். கடையில் இருந்ததிலேயே விசிறி இலைகளின் சாய்வு அதிகமானதாகப் பார்த்து வாங்கினார். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும் என்றார்கள். வெறும் படகில் ஓட்டிப் பார்த்தபோது பறந்தது.

வலை, ஐஸ், ஐந்து ஆட்கள் என்று பாரம் ஏறியதும் மோட்டார் முக்க ஆரம்பித்தது. முகத்துவாரத்து அலையை ஏற முடியாமல் படகு குறுக்கே திரும்பியது. கவிழாமல் கரை சேர்ந்ததே பெரிய விஷயம்.

முதலாளி, மோட்டார் ஓட்டிய சவேரியைப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டத் தெரியாத பயலே! நாளைக்கு இதே பாரத்தோட, இதே புரொப்பல்லர்ல படகு பறக்கணும். இல்லன்னா படகுல கால் வைக்காதே."

"சரி முதலாளி. ஓட்டுறது எப்படின்னு உங்க பைக்ல ஒரு தடவை காட்டிருங்க. பின்னால நானும் ஐஸ் பெட்டியும் இருப்போம். பாலத்து மேட்டுல டாப் கியர்லயே கிளம்பி ஏறணும்."

மீன் ஏலக்கூடமே வேடிக்கை பார்க்க, முதலாளி வீம்பாகப் பாலத்து மேட்டில் பைக்கைக் கிளப்பினார். வண்டி குலுங்கி நின்றது. மூன்று முறையும் அப்படியே.

முதலாளி கத்தினார். "இம்புட்டு பாரத்தை வச்சுக்கிட்டு டாப் கியர்ல எப்படிலே ஏறும்? கியரைக் குறைக்கணும்லே!"

சவேரி இறங்கினான். "படகுல முன்னால போக ஒரே கியர்தான் முதலாளி. அதனால கியருக்குப் பதிலா, சாய்வு குறைஞ்ச புரொப்பல்லரைத்தான் மாத்தணும்."

கூட்டம் சிரித்தது. முதலாளி கடைக்குக் கிளம்பினார்.

மறுநாள் சாய்வு குறைந்த புரொப்பல்லரோடு படகு போனது. பறக்கவில்லை. ஆனால் அதே அலையில் ஏறி இறங்கியது, ஐந்து பேரும் மீனோடு திரும்பினார்கள்.