முயல்கள் கொண்டாடிய ஊற்று

மூங்கில் காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் ஓடைத் தண்ணீரை ஒரு நீண்ட மண்கரை தடுத்து நிறுத்தியதால் உண்டான குளம் அது. தண்ணீர்ப் பக்கம் தவளையும் நண்டும் காட்டுப்பன்றியும் வாழ்ந்தன. கரைக்கு மறுபக்கம், பள்ளத்தில் இருந்த புல்வெளியில் முயல்கள் வாழ்ந்தன. கரைக்குள்ளேயே வளை தோண்டி ஒரு பெருச்சாளி குடியிருந்தது.

அந்த வருடம் கடைசி மழையில்தான் தவளை முட்டையிட்டது. குளத்தின் ஓரம், கோரைப்புல்லுக்கு நடுவே, ஆழமில்லாத ஓர் இடம். முட்டைகள் பொரிந்து, கரும்புள்ளிகளைப் போலத் தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. அவற்றுக்குக் கால் முளைக்கும்வரை அந்த ஓரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். ஆழத்துக்குப் போகலாம் என்றால், அங்கே விரால் மீன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

தை மாதம் பிறந்தது. பனி விழும் காலம். ஆனால் குளத்தில் தண்ணீர் சித்திரை மாதத்தைப் போலக் குறைந்துகொண்டே போனது. நேற்று தண்ணீரில் மிதந்த அல்லி இலை இன்று சேற்றில் கிடந்தது.

தவளை பதறிப்போய் நண்டிடம் ஓடியது.

"நண்டண்ணே! தண்ணி எங்கே போகுது?"

"வெயில் குடிக்குது!" என்றது நண்டு.

"எந்த வெயில்? காலையில உன் கொடுக்கு நடுங்குற சத்தம் எனக்குக் கேக்குது!"

"சரி, சரி. அதை விடு. என் வீட்டைப் பாத்தியா? கரைக்குள்ள நல்லா நீளமா வளை போட்டிருக்கேன். இப்போ வீட்டுக்குள்ளேயே ஓடை ஓடுது! சலசலன்னு ஒரே சத்தம். படுத்தா தாலாட்டு மாதிரி இருக்கு!"

தவளைக்குத் தாலாட்டைக் கேட்கும் மனநிலை இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு அது முதன்முறையாகக் கரையின் உச்சிக்கு ஏறியது. மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

கீழே திருவிழா நடந்துகொண்டிருந்தது!

கரையின் அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்தது. சுற்றிலும் இளம்பச்சைப் புல் தளதளவென்று நின்றது. முயல்கள் அதைச் சுற்றிச் சுற்றிக் குதித்தன. அவற்றின் தலைவனான நெட்டைக்காது முயல் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றது.

"எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலகூட இங்கே ஊற்று கிடையாது! எங்க நல்ல மனசுக்குத்தான் பூமி திறந்திருக்கு! இதுக்கு இனிமே முயலூற்றுன்னு பேரு!"

தவளை தத்தித் தத்தி இறங்கி வந்தது. ஊற்றில் வாயை வைத்துப் பார்த்தது. அல்லித்தண்டு வாசனையும் பாசி வாசனையும் அதற்கு நன்றாகத் தெரிந்தவை.

"முயல் தம்பி, இது ஊற்று இல்ல. எங்க குளத்துத் தண்ணி! கரை ஒழுகுது!"

"ஓஹோ!" என்றது நெட்டைக்காது. "ஊற்று எங்க இடத்துல வருது, தண்ணி மட்டும் உன்னுதா? அக்கா, பொறாமைக்கு ஒரு அளவு வேணாமா?"

முயல்கள் எல்லாம் சிரித்தன.

"என் பிள்ளைங்க அங்கே காய்ஞ்சிட்டிருக்கு, தம்பி."

முயல்களின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நெட்டைக்காது விடவில்லை. "பாவம்தான். அதுக்காக எங்க ஊற்றை உன் தண்ணின்னு எப்படி ஒத்துக்குறது? நிரூபிச்சுக் காட்டு!"

தவளை யோசித்தபடி திரும்பியது. நேரே காட்டுப்பன்றியிடம் போனது. பன்றி ஒரு மரத்தடியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பன்றி மாமா, ஓர் உதவி வேணும். நண்டண்ணன் வளைக்குப் பக்கத்துல இறங்கி, நல்லா சேத்துல புரளணும்."

பன்றி தன் காதையே நம்பவில்லை.

"என்னது? புரளணுமா? இத்தனை வருஷமா எல்லாரும் 'புரளாதே, புரளாதே'ன்னுதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு மட்டும் புரளுங்க!"

"மட்டும்னு சொல்லாதே, மனசு கஷ்டப்படுது," என்று சொல்லிக்கொண்டே பன்றி தடாலென்று தண்ணீரில் விழுந்தது. இடப்பக்கம் புரண்டது. வலப்பக்கம் புரண்டது. கால்கள் நான்கையும் மேலே தூக்கி முதுகால் தேய்த்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் செம்மண் குழம்பானது.

சற்று நேரத்தில் கரைக்கு மறுபக்கமிருந்து கூச்சல் எழுந்தது.

"ஐயையோ! ஊற்று சிவந்துபோச்சு! யாரு கலக்குனது?"

நெட்டைக்காது மூச்சிரைக்கக் கரைமேல் ஏறி வந்தது. சேற்றில் மல்லாந்து கிடந்த பன்றியைப் பார்த்தது. கரையின் இருபக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதன் காதுகள் இரண்டும் தொங்கின.

"அப்போ... இது ஊற்று இல்லையா?"

"இல்ல தம்பி. மாமா வெளியே வந்ததும் தண்ணி தெளியும். அப்போ உங்க பக்கமும் தெளிஞ்சிடும். பாரு," என்றது தவளை.

பன்றி மனமில்லாமல் வெளியே வந்தது. குளத்து நீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. எல்லோரும் மறுபக்கம் போய்ப் பார்த்தார்கள்.

அங்கே தண்ணீர் தெளியவில்லை. முன்பைவிட அதிகமாகச் சிவந்து ஓடியது.

குளம் தெளிவாக இருக்கிறது. ஊற்று கலங்கலாக வருகிறது. அப்படியென்றால் இந்த மண் எங்கிருந்து வருகிறது?

"கரை!" என்று அலறியது தவளை. "உள்ளே கரை கரையுது! தண்ணி மண்ணை அரிச்சுக்கிட்டு வருது!"

அது சொல்லி வாய் மூடவில்லை. ஊற்றின் மேலிருந்து ஒரு பெரிய மண்கட்டி பொத்தென்று விழுந்தது. முயலின் தலை நுழையும் அளவுக்குத் துளை தெரிந்தது. தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. அதோடு பெருச்சாளியும் உருண்டுகொண்டு வெளியே வந்து விழுந்தது!

"என்ன இது! பழைய வீட்டுல ஈரம்னு பக்கத்துல புதுசா தோண்டினேன். இதுலயும் தண்ணி!" என்று தும்மியது பெருச்சாளி.

அதன் பின்னாலேயே நண்டும் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது.

தவளை இருவரையும் பார்த்தது. "நீங்க ரெண்டு பேரும் ஒரே துளையில இருந்தா வர்றீங்க?"

நண்டு கொடுக்கை உயர்த்தியது. "என்னைப் பாக்காதே! நான் குளத்துப் பக்கத்துல இருந்து பாதிக் கரைதான் தோண்டினேன்!"

"நானும் இந்தப் பக்கத்துல இருந்து பாதிதான் தோண்டினேன்!" என்றது பெருச்சாளி.

"பாதி தோண்டினா கரை ஒழுகுமா?" என்று கேட்டது நண்டு.

"ஒழுகாதே! அதனாலதானே தோண்டினேன்!" என்றது பெருச்சாளி.

பன்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடப் பாவிங்களா! ரெண்டு பாதியும் உள்ளே கைகுலுக்கிடுச்சு!" என்றது.

சிரிப்பதற்கு நேரமில்லை. துளை நொடிக்கு நொடி அகன்றது. கரை உடைந்தால் குளம் காலியாகும். தலைப்பிரட்டைகள் ஒன்றுகூட மிஞ்சாது. புல்லுக்குள் படுத்திருக்கும் முயல்குட்டிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும்.

முயல்கள் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் துளையில் திணித்தன. தண்ணீர் அதைத் துப்பித் துப்பி வெளியே எறிந்தது.

"வெளியேறுற பக்கம் அடைச்சா நிக்காது!" என்று கத்தியது தவளை. "நுழையுற பக்கம் அடைக்கணும்! நண்டண்ணே, உன் வாசல் எங்கே? தண்ணிக்கடியில அது உனக்குத்தான் தெரியும்!"

நண்டு அசையவில்லை. மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னது. "எத்தனை கஷ்டப்பட்டுப் போட்ட வீடு தெரியுமா?"

யாரும் அதை ஏசவில்லை. தவளை மட்டும் அருகில் போனது.

"தெரியும் அண்ணே. குளம் இருந்தா இன்னொரு வீடு போடலாம். குளம் போயிட்டா?"

நண்டு ஒரு நிமிடம் கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு, "வாங்க!" என்று பக்கவாட்டில் ஓடியது.

நண்டு தண்ணீருக்குள் மூழ்கி, வளையின் வாய்க்கு நேர் மேலே கொடுக்கை நீட்டி இடம் காட்டியது. முயல்கள் கரைக்கு மேல் வரிசையாக நின்று புல்கட்டுகளைக் கைமாற்றின. தவளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு மூழ்கியது. வந்த வேகத்தில் தண்ணீரே புல்லை வளைக்குள் உறிஞ்சி இறுக்கியது. பெருச்சாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"எனக்குத் தோண்ட மட்டும்தான் தெரியும்!"

"அந்த மேட்டுல களிமண்ணைத் தோண்டு! தோண்டினதை இங்கே தள்ளு!" என்றது தவளை.

பெருச்சாளிக்கு உயிர் வந்தது. களிமண் குவியல் குவியலாக உருண்டு வந்தது. பன்றி அதை மூக்கால் தள்ளி, காலால் மிதித்து, கடைசியில் அதன்மேலேயே படுத்துப் புரண்டு இறுக்கியது.

மறுபக்கம் குபுகுபு என்ற சத்தம் சலசலப்பாகக் குறைந்தது. பிறகு சொட்டியது. பிறகு நின்றது.

நெட்டைக்காது காய்ந்துபோன ஊற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "அடடா! பேரெல்லாம் வெச்சோம்!"

"மேலே வா தம்பி," என்றது தவளை. "குளத்தோரத்துப் புல்லும் நல்லாத்தான் இருக்கும். யாரு வேணாம்னு சொன்னா?"

அன்றிலிருந்து முயல்கள் குளத்துக்கே வந்து மேய்ந்தன. நண்டு எதிர்க்கரைப் பாறை இடுக்கில் குடியேறியது. ஓடை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சில நாள் முணுமுணுத்தது. பிறகு குறட்டையே விட்டது. பெருச்சாளி மூங்கில் புதருக்கு அடியில் வீடு மாற்றிக்கொண்டது. கரையின் அடியில் சிறு ஈரம் தெரிந்தாலும் முதலில் குரல் கொடுத்தது பெருச்சாளிதான். பன்றிக்கோ, கரையோரம் புரள்வது ஊர்ப்பணி ஆகிவிட்டது. அது அந்தப் பணிக்கு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை!

மாசி மாதத்து ஒரு காலையில் தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்தது. அப்புறம் முன்னங்கால். கோரைப்புல் ஓரத்தில் தண்ணீர் அசையாமல் நின்றது. முதல் குட்டித் தவளை, வால் இன்னும் முழுதாக மறையாமலேயே, ஒரு தாவு தாவிக் கரையில் உட்கார்ந்தது.

"அம்மா! எனக்குக் கால்!" என்று கத்தியது.

"தெரியுது, தெரியுது! மாமா புரளுற இடத்துல உக்காராதே! தள்ளி உக்காரு!" என்றது தவளை.

எல்லோரையும் காக்கும் கரையில் 'நான் கொஞ்சம்தானே தோண்டினேன்' என்று ஒவ்வொருவரும் நினைத்தால், அந்தக் கொஞ்சங்கள் ஒன்றுசேர்ந்து எல்லோரையும் அழிக்கும். நம்முடைய கொஞ்சத்தை நாமே முன்வந்து அடைப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு.