எந்தப் பக்கத்து ஈரம்

“இதுல யோசிக்க என்ன இருக்கு வாத்தியாரம்மா? மேல குளியலறை. கீழ ஈரம். உடைச்சா குழாய் வாயைத் திறந்துட்டு நிக்கும்.”

இருபத்தாறு வருஷம் கொத்துக்கரண்டி பிடித்த கை சவரிமுத்துவுக்கு. தன்னைவிடப் பதினைந்து வயது இளைய செண்பகவல்லியிடம் ஈரத்தின் வழி கண்டுபிடிக்கப் படிக்க வந்து இரண்டே மாதம்.

குன்னூரில் மார்கழிக் குளிர். மூலைச் சுவர் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. கட்டிலில், பிள்ளை பெற்று இருபது நாளான பெண். மடியில் குழந்தை, இழுத்து இழுத்து இருமியது.

“உங்க ஆளு நேத்து வந்து பார்த்ததுமே மாடிக் குழாய்தான்னு சொல்லிட்டாரு,” என்றார் வீட்டுக்காரர். “மாடியில தனியா இருக்காங்களே ரத்தினமணி, அவங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

சவரிமுத்து நிமிர்ந்து நின்றார்.

செண்பகவல்லி சுவரில் ஓரிடத்தைத் துடைத்தாள். உலரவிட்டாள். அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டினாள்.

“நாளைக்கு வர்றோம்.”

“சுத்தியல் இருந்தா அஞ்சு நிமிஷ வேலைம்மா!”

“உடைக்க அஞ்சு நிமிஷம்ணே. பார்க்க ஒரு நாள்.”

மறுநாள் தாள் வியர்த்திருந்தது.

“பார்த்தீங்களா தண்ணி!”

“எந்தப் பக்கம்?”

சவரிமுத்து பிரித்தார். சுவரைத் தொட்ட பக்கம் அப்பளமாய்க் காய்ந்திருந்தது. அறையைப் பார்த்த பக்கம்தான் நனைந்திருந்தது.

அவர் மெல்லத் திரும்பினார்.

அடுப்பில் வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கொடி நிறைய ஈரத் துணி. ஜன்னல் இடுக்கெல்லாம் பழம்புடவை.

“பச்சை உடம்புக்காரிக்குக் காத்து ஆகாதுல்ல? நாந்தான் அடைச்சேன்,” என்றாள் மாமியார்.

“அவ்வளவு ஆவியும் எங்க போகும் பெரியம்மா? குளிர்ந்த சுவரா பார்த்து உக்காந்துக்குது.”

“அப்ப ஜன்னலைத் திறந்து பிள்ளையைக் குளிர்ல போடச் சொல்றியா?”

“பிள்ளை உள்ளயே இருக்கட்டும். அண்டாவும் கொடியும் வெளிய போகட்டும்.”

சொல்லிக்கொண்டே, ஜன்னலின் மேல் இடுக்கில் இருந்த புடவையை உருவி எடுத்தாள்.

தலைக்கு மேல் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது.

சவரிமுத்து சுத்தியலைப் பைக்குள் போட்டார். நெடுநேரம் பையைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

“நான் மாடிக்குப் போய் அவங்ககிட்ட என்னம்மா சொல்ல?”

“கட்டில் கனமா இருக்கும்ணே. முதல்ல பழைய இடத்துல தூக்கிப் போடுங்க.”