வெள்ளத்தில் போட்ட பங்கு

நாணலாற்றங்கரைக் காட்டுக்கு நெடுங்கொம்பன் என்ற கடமான் தலைவன். ஆறு மலையிலிருந்து இறங்குகிற தலைமடையில் அவன் இருந்தான். அவன் தங்கை செம்பி வாழ்க்கைப்பட்டதோ, ஆறு போய் முடிகிற கடைமடையில். நடுவே எத்தனையோ கூட்டங்கள். எல்லாருக்கும் அந்த ஒரே ஆறுதான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்க இடம் தேடி வருகிறவர்கள் ஆற்றோரம் தலை குனிந்து நின்று, "ஒரு வாய் தண்ணி கொடுங்க, தலைவரே" என்று கேட்க வேண்டும். தலைவன், "ஆறு பெரிசு, குடிங்க" என்பான். அந்தச் சொல் விழுந்துவிட்டால் அவர்களுக்குக் கரையில் ஒரு துறை சொந்தம். அப்புறம் அதை யாரும் பிடுங்க முடியாது.

இதில் ஒரு கோளாறு. துறை கொடுக்கும் சபை மழை விட்ட கையோடுதான் கூடும். கோடையில் அவ்வளவு தூரம் நடந்து வர யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஆகவே பங்கு போடுகிற அன்றைக்கெல்லாம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடும். அதைப் பார்த்துத்தான் பங்கு போடுவார்கள்.

ஒரு கோடையில் பக்கத்துக் காடு எரிந்து போயிற்று. அடுத்த மழைக்குப் பின் பன்றிகள் வந்தன, யானைகள் வந்தன, காட்டெருதுகள் குடும்பம் குடும்பமாக வந்தன. போதாததற்கு இருந்த கூட்டங்களும் குட்டி போட்டுப் பெருகியிருந்தன. நெடுங்கொம்பன் எல்லாருக்கும் "ஆறு பெரிசு" என்றான். அவன் இளகிய மனசுக்காரன், அதை மறுக்க முடியாது. ஆனால் யாராவது "வள்ளல்" என்று சொல்லிவிட்டால் கொம்பு ஒரு முழம் வளர்ந்ததுபோல நடப்பான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். அவன் அள்ளிக் கொடுத்தது கடைமடைத் தண்ணீரை.

அப்போது கீழேயிருந்து ஒரு நீர்க்காகம் பறந்து வந்தது. செம்பி சொல்லி அனுப்பியிருந்தாள். அவளுக்குக் குட்டி பிறந்திருக்கிறது, தாய்மாமன் வந்து பார்க்க வேண்டும். போன கோடையிலேயே கடைமடைக்குக் குளம்பு நனையத்தான் தண்ணீர் வந்தது. வருகிறவர்களை விரட்ட வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் துறை வாங்குகிற ஒவ்வொரு கூட்டமும் முதலில் கரையோரம் ஒரு குளம் வெட்டட்டும். யானைக்கும் பன்றிக்கும் அது ஒரு வேலையா? மழைத் தண்ணீர் அதில் நின்றால் கோடையில் அதைக் குடிக்கலாம், ஆறு கீழே வந்து சேரும்.

சபை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. குளம் வெட்டு என்று சொன்னால் வள்ளல் என்று யார் சொல்வார்கள்?

"நொந்து வந்தவங்களை வந்ததும் வேலை வாங்கறதா? தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்றான் நெடுங்கொம்பன்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்வாங்க. நீ ஆத்தையே அளக்காம போடறியே!" என்றது நீர்க்காகம்.

சபை சிரித்தது. அவனும் சிரித்து மழுப்பினான்.

தை பிறந்தது. புதிதாக வந்தவர்கள் ஆளுக்கொரு நாள் அவனை விருந்துக்கு அழைத்தார்கள். மாசியில்தான் அவனுக்குக் குளத்தின் நினைவு வந்தது. அதற்குள் மண் இறுகிவிட்டது. பன்றிகள் முட்டிப் பார்த்து மூக்கு வீங்கித் திரும்பின. அடுத்த மழைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்றான். அந்தக் கோடையை எப்படியோ ஓட்டினார்கள். அடுத்த மழையோ ஏமாற்றிவிட்டது.

மறு கோடை வந்தது. தலைமடையில் தண்ணீர் முழங்காலளவு கிடந்தது. அவரவர் துறையில் அவரவர் குடித்தார்கள். கொடுத்ததைக் குறைத்துக் குடியுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நீர்க்காகமும் வரவில்லை. சேதி இல்லையென்றால் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். குட்டியைப் பார்க்க ஒரு நாள் போக வேண்டும் என்றும் நினைத்தான், போகவில்லை.

ஒரு நாள் வெயில் சாயும் நேரத்தில், எலும்பு தெரிய ஒரு பெண்மான் ஆற்றோரம் வந்து நின்றது. யாரோ புதுசு என்று பழக்கத்தில் எழுந்து போனான். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, செம்பி.

"குட்டி எங்கம்மா?" என்றான்.

அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு வாய் தண்ணி கொடுங்க, தலைவரே."

எத்தனையோ பேருக்குச் சொன்னதுபோல, பெரிசு என்று சொல்ல அங்கே ஆறு இல்லை. அவன் தன் துறையை விட்டு விலகி நின்றான். அவள் குடித்தாள். குடித்துவிட்டு, பழக்கம் போகாமல், பக்கத்தில் குட்டி வாய் வைக்க இடம் விட்டு நின்றாள்.

அடுத்த மழையில் நெடுங்கொம்பனே முன்னால் நின்று கரை நெடுகக் குளம் வெட்ட வைத்தான். அதன் பிறகு எந்தக் கோடையிலும் ஆறு கடைமடையைத் தொடாமல் நின்றதில்லை. எல்லாரும் அவனை வள்ளல் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவன் எழுந்து போய்விடுவான்.

ஆறு நிறைந்து ஓடுகிற நாளில் பங்கு போடுகிறவன், அது வற்றுகிற நாளையும் கடைசியில் குடிக்கிறவனையும் நினைத்துப் போட வேண்டும்.