கரையிலிருந்து ரெமிஜியுஸ் பேசுகிறார்

கித்தேரி டீச்சரிடம் வயர்லெஸ் வேலை படிக்க வந்தபோது ரெமிஜியுஸ் அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. டீச்சருக்கு முப்பத்தாறு. அவராகவே மாடியேறி வந்து, கும்பிட்டு, "இனி நீங்கதான் எனக்கு குரு" என்றார். டீச்சர் ஒரு ஸ்டூலைக் காட்டினார்.

எங்கள் சந்தியாகுத்துறையில் நாட்டுப்படகு சங்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில்தான் டீச்சர் பார்த்துக்கொள்ளும் வயர்லெஸ் அறை. கடலில் பத்து மைல் தாண்டினால் போன் எடுக்காது. அதன்பிறகு வள்ளங்களில் இருக்கும் வயர்லெஸ் செட்டுதான் துணை. வள்ளத்துக்கு வள்ளம் தூரத்தில் இருந்தால் அதுவும் சரியாகக் கேட்காது. எங்கள் மாடியில் உயரமான கம்பம் உண்டு. அதனால் எல்லோருடைய குரலும் கரைக்குக் கேட்கும், கரையின் குரல் எல்லோருக்கும் கேட்கும். மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் பேசலாம். விட்டால்தான் கேட்கலாம்.

நான் சங்கத்து வேன் ஓட்டுகிறவன். நடந்ததில் பாதி என் கண்முன்னால் நடந்தது. மீதியை நடந்த இடத்திலேயே கேட்டேன்.

ரெமிஜியுஸ் அண்ணன் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். முதுகு வலி வந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். உலகத்தில் அவருக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. விடிந்ததும் போனில் நாலு வீடியோ பார்ப்பார். பத்து மணிக்கு டீக்கடையில் தீர்ப்பு சொல்லிவிடுவார். எந்தப் போன் வாங்கலாம், எந்த நாடு எந்த நாட்டின் மேல் குண்டு போடும், பேட்டரி கார் எத்தனை வருடத்தில் குப்பைக்குப் போகும், எல்லாம் அவருக்குத் தெரியும். நாங்களும் வாய் பிளந்து கேட்போம். பொய் சொல்வானேன், எனக்கும் அவர் பேச்சு பிடிக்கும்.

முதல் வாரம் ஒருநாள் டீச்சரிடமே ஆரம்பித்தார்.

"மடிக்கிற போன்னு ஒண்ணு வந்திருக்கு டீச்சர். ரெண்டு வருசம் தாங்காது. நடுவுல கோடு விழுந்துரும்."

"கையில பிடிச்சுப் பாத்திருக்கீங்களா அண்ணே?"

"இல்ல. வீடியோ பாத்தேன்."

"சரி. இப்ப ஒரு வள்ளம் கூப்பிட்டுச்சே, என்ன சொன்னாங்க?"

அண்ணன் செட்டைப் பார்த்தார். "எப்ப கூப்பிட்டாங்க?"

டீச்சர் மைக்கை எடுத்து அந்த வள்ளத்துக்குப் பதில் சொன்னார். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தார்களாம்.

இன்னொரு நாள், தூர தேசத்தில் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. பத்தே நாளில் முடிந்துவிடும் என்றார் அண்ணன்.

"எப்படித் தெரியும்?"

"அந்தத் துறைமுகத்துக்கு மூணு தடவ போயிருக்கேன் டீச்சர்."

"போயி என்ன பாத்தீங்க?"

"சமையல்கட்டுலதான் இருந்தேன். எறங்க விடல."

டீச்சர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அந்தச் சண்டையில் அடுத்து என்ன ஆகும் என்று எனக்கு விளக்கத் தொடங்கினார்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, செட்டு லைசென்ஸைப் புதுப்பிக்க டீச்சர் டவுனுக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. வழக்கமாக அறையில் மாற்றி உட்காருகிறவருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லை.

"ரெண்டு மணி நேரம் பாத்துக்கிடுவீங்களா அண்ணே?"

"என்ன டீச்சர், நான் பாக்காத கடலா?"

டீச்சருக்கு மனசே இல்லை. வேனில் போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பதினொன்றே கால் மணிக்குத் திரும்பி வந்தோம். அறைக்கு வெளியே ஒரு ஸ்பீக்கர் கட்டியிருக்கும். எந்த வள்ளம் எப்போது கரைக்கு வரும் என்று கேட்டுக்கொள்ள, மீன் வாங்கும் பெண்கள் அதன் கீழேதான் கூடி நிற்பார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் ரெமிஜியுஸ் அண்ணன் பொளந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"...அதனால சொல்லுதேன், மடிக்கிற போன வாங்கி காச கரியாக்காதீங்க. ஓவர்."

ஒரு வள்ளத்திலிருந்து கேள்வி வந்தது. "அண்ணாச்சி, அப்ப பேட்டரி கார் வாங்கலாமா? ஓவர்."

"நீ மொதல்ல வாங்குன கடன அடை மாப்ள."

கரையே சிரித்தது. இன்னொரு வள்ளம் சண்டையைப் பற்றிக் கேட்டது. அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதற்குள் இறங்கினார். இந்த நாட்டிடம் இத்தனை விமானம், அந்த நாட்டிடம் இத்தனை ஏவுகணை என்று கையில் எழுதி வைத்தவர் மாதிரி வாசித்தார். மூச்சு வாங்க அவர் பொத்தானை விட்ட நேரத்தில், ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து போனது.

"யாருப்பா அது நடுவுல? ஒருத்தன் பேசுதப்ப குறுக்க வரக் கூடாதுன்னு தெரியாதா? முடிச்சதும் வரிசையா வாங்க" என்று அதட்டிவிட்டு அண்ணன் தொடர்ந்தார்.

நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டீச்சரைக் காணோம். மாடிப்படியில் செருப்பு இரண்டும் கிடந்தன. நானும் பின்னாலேயே ஓடினேன்.

நான் மேலே போனபோது மைக் டீச்சர் கையில் இருந்தது.

"கரை பேசுதேன். எல்லாரும் பொத்தான விடுங்க. ஒருத்தரும் பேசக் கூடாது."

செட்டு அடங்கியது.

"நடுவுல கரகரன்னு வந்த வள்ளம் எது? இப்ப சொல்லுங்க."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"டீச்சர்... தொம்மை பேசுதேன்... மச்சானுக்குத் திருக்கை மீன் முள்ளு ஏறிட்டு... தொடையில... ரத்தம் நிக்கமாட்டேங்கு..."

தொம்மையும் அவன் மச்சான் இஞ்ஞாசியும் இரண்டே பேர்தான் அந்த வள்ளத்தில். சின்ன எஞ்சின். அங்கிருந்து கரை சேர மூன்று மணி நேரமாகும். டீச்சர் அவர்கள் நிற்கும் இடத்தைக் கேட்டு எழுதினார். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பெரிய எஞ்சின் உள்ள 'ஆரோக்கிய அன்னை' வள்ளம் அவர்களிடமிருந்து ஐந்து மைலில் வலை போட்டிருந்தது. அதைக் கூப்பிட்டார். வலையை அறுத்துவிட்டுப் போகச் சொன்னார். ஆம்புலன்சுக்கு என்னைப் போன் போடச் சொன்னார். குரல் ஒருமுறைகூட உயரவில்லை.

கீழே சிரிப்பு நின்றிருந்தது. இஞ்ஞாசியின் பெண்டாட்டியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். அதுவரை அவளும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இஞ்ஞாசி பிழைத்துக்கொண்டான். ரத்தத்தை நிறுத்தக் கைலியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டு அவிழ்க்க நேரமானதால் பாதத்துக்கு ரத்தம் போகவில்லை. காலை எடுக்க வேண்டியதில்லை, பாதத்தில் உணர்ச்சி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வள்ளத்தில் நிற்கிறவனுக்குப் பாதம்தான் எல்லாம்.

இனிமேல் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வாய் கூசுகிறது. சாயங்காலத்துக்குள் ஊரில் ஆளுக்கொரு கருத்து கிளம்பிவிட்டது. தொம்மை வைத்திருக்கும் வெளிநாட்டு செட்டே மட்டம் என்றான் ஒருவன். சாட்டிலைட் போன் இல்லாமல் கடலுக்குப் போகலாமா என்றான் இன்னொருவன். அந்தப் போனுக்கு அனுமதி கிடைக்காது என்றான் மூன்றாமவன், கிடைக்கும் என்றான் நாலாமவன். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டீக்கடையில் எல்லோருக்கும் நடுவில் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரெமிஜியுஸ் அண்ணனேதான்.

"அவன் கையில இருந்தது பொம்மை செட்டு. நல்ல செட்டா இருந்தா என் காதுல விழுந்திருக்காதா?"

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. வயதில் மூத்தவர் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் டீச்சர் அவரைத் தேடி டீக்கடைக்கே வந்தார். உள்ளே வரவில்லை. ரோட்டில் நின்றபடி கூப்பிட்டார்.

"அண்ணே, வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆஸ்பத்திரியில் இஞ்ஞாசி கட்டிலில் படுத்திருந்தான். தொம்மை காலடியில் உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து, ரெமிஜியுஸ் அண்ணனுக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். அண்ணன் வாங்கி வந்த ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டார்.

"ஒங்க செட்ட மாத்தணும் தொம்மை. நீ பேசுனது ஒண்ணுமே தெளிவா வரல."

"ஆமா அண்ணாச்சி. எங்க செட்டு பழசு" என்றான் தொம்மை. "ஒங்க குரல் நல்லா வந்துச்சு. பக்கத்துல நின்னு பேசுத மாதிரி."

"கேட்டுச்சா?"

"எல்லாமே கேட்டுச்சு. மொதல்ல போனப் பத்திச் சொன்னீங்க. பெறவு பேட்டரி கார். நான் போன் பேச்சுலேருந்தே ரெண்டு மூணு வாட்டி கூப்பிட்டுப் பாத்தேன். கடைசியா கூப்பிட்டப்ப நீங்க குறுக்க வராதேன்னு ஏசுனீங்களா, சரி, அண்ணாச்சி முடிக்கட்டும்னு இருந்தேன்."

"இருந்தியா?"

"நீங்க வயசுல பெரியவங்க. முடிச்சதும் சொல்லுவோம்னு இருந்தேன். நேரம் ஆயிட்டு."

அவன் குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மொதல்ல கூப்பிட்டதுலேருந்து எவ்வளவு நேரம் தொம்மை?" என்று கேட்டார் டீச்சர்.

"பதினெட்டு நிமிசம் டீச்சர். வாச்சப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

இஞ்ஞாசி கண்ணைத் திறந்தான். மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை. ரெமிஜியுஸ் அண்ணனைப் பார்த்து மெதுவாகச் சிரித்தான்.

"அண்ணாச்சி, காலக் கட்டிக்கிட்டு இருந்தப்ப நானும் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன். அந்தச் சண்டையில யாரு ஜெயிப்பான்னு நீங்க சொல்லுததுக்குள்ள டீச்சர் மைக்க வாங்கிட்டாங்க. யாரு ஜெயிப்பா?"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

நாங்கள் வந்து பார்க்கும்போது வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"டீச்சர், நான் சொன்னதுல ஒண்ணும் பொய்யில்ல."

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் டீச்சருக்கு அப்போதுதான் பொங்கியது.

"பொய்யா நெசமான்னு நான் கேட்டனா? நீங்க சொன்ன அம்புட்டும் நெசமாவே இருக்கட்டும். கையில பிடிக்காத போனுக்கு, ஒங்களுக்குத் தெரியாத நாட்டுக்கு, ஒங்க பேர்கூடத் தெரியாதவங்களுக்கு பதினெட்டு நிமிசம் குடுத்தீங்க. ரத்தம் கொட்டிக்கிட்டு ஒங்க பேச்ச முழுசாக் கேட்டவனுக்கு அர நிமிசம் குடுக்கல. குறுக்க வராதேன்னுட்டீங்க. அதுக்குப் பெறவும் நேத்து டீக்கடையில அவன் செட்டப் பத்திப் பேசுதீங்க. ஒங்களுக்கு வெக்கமா இல்லையாண்ணே? எனக்கு இருக்கு. நான்தான் ஒங்க கையில மைக்கக் குடுத்துட்டுப் போனேன்."

ஆஸ்பத்திரி வாசலில் போய் வந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். டீச்சர் அதைச் சட்டை செய்யவில்லை.

அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "எனக்கு இந்த வேலை வேண்டாம் டீச்சர். இனி நான் வாயே தெறக்கமாட்டேன்."

"வேலைய விட்டுட்டு எங்க போவீங்க? டீக்கடைக்கா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க."

"வந்து?"

"உக்காந்து கேளுங்க."

"மைக்க எடுக்கலாமா?"

"யாராவது கூப்பிட்டா எடுங்க."

அண்ணன் நிமிர்ந்தார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நாள் பூரா ஒருத்தரும் கூப்பிடலன்னா டீச்சர்?"

"அம்புட்டு பேரும் நல்லாருக்காங்க. அதவிடப் பெரிய சேதி ஒங்களுக்கு எந்த நாட்டுலேருந்து வரணும்?"