பேர் சொல்லிக் கூப்பிட்ட மாலை

ஒரு காட்டில் கோடை முற்றிப்போய், ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது, கண்ணுகளா. மேட்டுக் கரையில் காட்டெருமைகள்; பள்ளக் கரையில் காட்டுப்பன்றிகள். "குட்டை எங்களுக்குத்தான்" என்று இரண்டு கூட்டமும் மோதத் தொடங்கிப் பத்து நாளாயிற்று.

எருமைத் தலைவன் கொம்பனுக்கு வீம்பு அதிகம். பன்றித் தலைவன் கூர்ப்பல்லனுக்கோ எதிலும் சந்தேகம். நடுவே தூது போய்ப் போய் மைனாவுக்கு இறக்கை நொந்துவிட்டது.

"சண்டையை நிறுத்தலாம். அவன் முதலில் பின்வாங்கட்டும்" என்றது கொம்பன்.

"நான் திரும்பினால் பின்னாலேயே வந்து முட்டுவான். அவனே முதலில் போகட்டும்" என்றது கூர்ப்பல்லன்.

"உங்க ரெண்டு பேருக்கும் பின்னங்கால் இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு!" என்று அலுத்துக்கொண்டது மைனா.

அன்று மாலை கொம்பன் மந்தையைக் கூட்டியது. "எதிரி பக்கம் பன்னிரண்டு விழுந்தாச்சு! நாளைக்குக் காலையில் பெரிய மோதல். ஆள் போதாது. கன்றுகளும் வரட்டும்."

காரி என்ற தாய் எருமை தன் கன்றைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு இருந்தது ஒரே கன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த சுட்டி. காரி ஒரு கணம் கண்ணை மூடி, படைத்தவனை நினைத்துக்கொண்டு முன்னே வந்தது.

"அனுப்புறேன், அண்ணா. அதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பத்து நாளா அதை விட்டுட்டீங்களே."

அது அந்த மந்தையின் வழக்கம். மாலையில் தண்ணீர் குடித்ததும் தலைவன் எல்லார் பெயரையும் சொல்லும். ஒவ்வொன்றும் "இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் படுக்கப் போகும்.

"சண்டை நேரத்தில் அதெல்லாம் எதற்கு?"

"பயமா, அண்ணா?"

கொம்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது.

"கரியன்!"

"இருக்கேன்."

"மயிலை!"

"இருக்கேன்."

"தும்பை!"

பதில் இல்லை. தும்பையின் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மருதன்!... ஆவாரை!..."

"ஆளில்லாத பேரை ஏலம் போடுறான் பாருங்கடா!" என்று எதிர்க்கரையிலிருந்து கேலி செய்தது கூர்ப்பல்லன். ஒரு பன்றியும் சிரிக்கவில்லை.

அடுத்த பெயருக்கு வாயைத் திறந்த கொம்பன் அப்படியே நின்றுவிட்டது. அது அதன் மகன் பெயர். முதல் நாள் சண்டையிலேயே போய்விட்ட பிள்ளை. அந்தப் பெயரைச் சொல்ல முடியாமல்தான் வழக்கத்தையே அது நிறுத்தியிருந்தது.

"முத்தா..." என்றது மெதுவாக. குட்டைத் தண்ணீர்கூட அசையவில்லை.

எதிர்க்கரையில் ஒரு பெண்பன்றி கேட்டது: "மாமா, நம்ம பேரையும் கூப்பிடுங்களேன்."

கூர்ப்பல்லனின் வாயில் முதலில் வந்தது, நேற்று விழுந்த தம்பியின் பெயர். அதோடு அது தலையைக் குனிந்துகொண்டது.

இதுதான் நேரம் என்று கண்டுகொண்டது காரி. "மைனா, மூணு தரம் கூவு. மூணாவது கூவலுக்கு ரெண்டு தலைவரும் சேர்ந்தே ஓரடி பின்னால வைக்கட்டும். யாரும் முதலில்லை, யாரும் கடைசியில்லை."

மைனா கூவியது. ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவது கூவலில் கொம்பனும் கூர்ப்பல்லனும் ஒருசேரக் காலைப் பின்னுக்கு வைத்தன.

"அடேயப்பா, பின்னங்கால் இருக்கு!" என்றது மைனா.

காலையில் பன்றிகளுக்கு, மாலையில் எருமைகளுக்கு என்று குட்டை பொதுவாயிற்று. மறுநாள் மாலை கொம்பன் மறுபடி பெயர் சொன்னது. இல்லாதவர் பெயர் வந்தபோது எல்லாம் தலை குனிந்து நின்றன.

"சுட்டி!"

"இருக்கேன்!" என்று துள்ளியது கன்று.

"நானும் இருக்கேன்!" என்று எதிர்க்கரையிலிருந்து ஒரு பன்றிக்குட்டி கத்தியது. காரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

நீதி: எதிரி பக்கம் விழுந்ததை எண்ணினால் சண்டை வளரும், தன் பக்கம் இல்லாதவரைப் பெயர் சொல்லி நினைத்தால் சமாதானம் பிறக்கும்.